இரவுகளை எண்ணித் திட்டமிடுதல்

வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு ஆயத்தமாகும் குடும்பங்களில் பெரும்பாலானவை தேசப்படத்தை முதலில் விரித்து, காண விரும்பும் நகரங்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கையிலுள்ள நாட்களை அந்தப் பெயர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் திட்டம் முடிந்துவிட்டதென்று கருதுகின்றன. அவ்வாறு தயாராகும் திட்டத்தில் ஊருக்கு ஊர் செல்வதற்கான நேரமும், பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் நேரமும், புதிய ஊரில் திசை தெரியாமல் நிற்கும் நேரமும் எங்கும் இடம்பெறுவதில்லை. ஆனால் பிரயாணத்தில் அவை தமக்குரிய பங்கைத் தவறாமல் எடுத்துக்கொள்கின்றன. ஆகையால் இந்த அத்தியாயத்தில் ஜப்பானையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, வாடகைக் காரின் துணையின்றி ரயிலையும் டிராமையும் பஸ்ஸையும் மட்டும் நம்பி, இரண்டு வார காலத்தில் ஐந்து ஊர்களில் தங்கி வருவதற்கான ஒரு திட்டத்தை எவ்வாறு அமைக்கலாம் என்பதைச் சற்று விரிவாகவே ஆராயலாம். உலகின் மிகச் சிறந்த ரயில்வே அமைப்புகளுள் ஒன்றை உடைய அந்த நாட்டிலேயே இத்தனை எச்சரிக்கை தேவைப்படுகிறதென்றால், மற்ற நாடுகளில் எவ்வளவு தேவைப்படும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

திட்டத்தின் அளவுகோலாக நாட்களை வைத்துக்கொள்ளாமல் இரவுகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே முதல் விதி. ஓர் ஊரில் இரண்டு இரவு தங்குபவருக்கு அங்கே கிடைப்பது ஒரே ஒரு முழு நாள். மூன்று இரவு தங்கினால் இரண்டு முழு நாட்கள். ஓர் இரவு மட்டும் தங்கினால் முழு நாள் ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கு மிக எளிதாகத் தோன்றினாலும், திட்டம் போடும் ஆர்வத்தில் இதை மறக்காதவர்கள் மிகச் சிலரே. இனி ஊர் மாறும் நாளை எடுத்துக்கொள்வோம். டோக்கியோவிலிருந்து கனசாவாவுக்கு அதிவேக ரயிலான ஷின்கான்செனில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் என்று அட்டவணை கூறும்போது, காலையில் புறப்பட்டுப் பகலுக்குள் அங்கே பாதி ஊரைப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் நமக்கு எழுவது இயல்பு. ஆனால் விடுதிகளில் அறையைக் காலி செய்யவேண்டிய நேரம் பெரும்பாலும் பத்து அல்லது பதினொரு மணி. புதிய ஊரில் அறை கிடைப்பதோ மாலை மூன்று மணிக்கு. ஸ்டேஷனுக்குச் செல்வதும், சரியான பிளாட்பாரத்தைக் கண்டுபிடிப்பதும், இறங்கியபின் விடுதியைத் தேடிச் சாமான்களை ஒப்படைப்பதும், இடையில் ஒரு வேளை ஆகாரமும் சேர்ந்தால் இரண்டரை மணி நேரம் ஐந்து மணி நேரமாகிவிடும். கோயில்களும் அரண்மனைத் தோட்டங்களும் மாலை ஐந்து மணியளவில் சாத்தப்படும் ஒரு நாட்டில், ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் அரை நாளை இழந்துவிட்டதாகவே கணக்கு வைத்துக்கொள்வது நியாயம்.

இந்த விதியை அனுசரித்து அமைந்த திட்டம் பின்வருமாறு இருக்கலாம்: டோக்கியோவில் நான்கு இரவுகள், கனசாவாவில் இரண்டு, கியோட்டோவில் நான்கு, ஹிரோஷிமாவில் இரண்டு, கடைசியாக ஒசாகாவில் ஒன்று. மொத்தம் பதின்மூன்று இரவுகள், பதினான்கு நாட்கள். இவற்றுள் வந்து சேரும் நாளையும் விமானம் ஏறும் நாளையும் ஊர் மாறும் நான்கு நாட்களையும் கழித்துவிட்டால் மிஞ்சும் முழு நாட்கள் எட்டே என்பதைக் கண்டு வாசகர் திடுக்கிடக்கூடும். அந்த எட்டு நாட்களே உண்மையில் நம் கைவசம் உள்ளவை. இதே பதினான்கு நாட்களில் நாகோயா, தாகாயாமா, ஹகோனே ஆகிய மூன்று இடங்களிலும் ஒவ்வோர் இரவு தங்கவேண்டும் என்று ஆசைப்படுபவர், முழு நாட்களை இன்னும் குறைத்து அரை நாட்களைப் பெருக்கிக்கொள்கிறார் என்பதைத் தவிர வேறு பலன் எதையும் அடையமாட்டார்.

போகும் திசையும் வரும் திசையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற அவசியம் கிடையாது. டோக்கியோவுக்கு அருகிலுள்ள நரிதா விமான நிலையத்தில் இறங்கி, ஒசாகாவுக்கு அருகிலுள்ள கான்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புமாறு ஒரே சீட்டாக வாங்கிக்கொண்டால், ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோவுக்குத் திரும்பிவரும் நான்கு மணி நேர ரயில் பிரயாணமும், அதற்கான செலவும், ஒரு நாளின் பெரும்பகுதியும் மிச்சமாகின்றன. சென்னையிலிருந்து செல்பவர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் முதலிய இடங்களில் விமானம் மாறுவதே வழக்கமாதலால், போகும் வழியையும் வரும் வழியையும் வேறு வேறு ஊர்களாக அமைத்துக்கொள்வதில் அதிக சிரமம் இராது.

டோக்கியோவை முதலிலும் கியோட்டோவைப் பின்னாலும் வைத்திருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஜப்பானியக் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் செல்வது. அங்கே காலை ஏழு மணி என்பது நம் உடலுக்கு அதிகாலை மூன்றரை மணி. ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்களில் காலையில் எழுவது கடினமாகவும், இரவில் நெடுநேரம் விழித்திருப்பது சுலபமாகவும் இருக்கும். கடைவீதிகளும் விளக்குகளும் இரவு வெகு நேரம் உயிரோடிருக்கும் டோக்கியோ இந்த நிலைமைக்கு மிகவும் பொருத்தமான ஊர். கியோட்டோவோ காலையில் விழித்து மாலையில் கதவடைக்கும் ஊர். அங்கே கியோமிசு ஆலயம் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறது, ஃபுஷிமி இனாரி ஆலயத்தின் சிவப்புத் தோரண வாயில்களின் கீழ் எந்த நேரத்திலும் நடக்கலாம், கூட்டம் சேர்வதற்கு முந்திய அந்த இரண்டு மணி நேரத்துக்கு விலை மதிப்பே இல்லை. உடல் அந்த நாட்டு நேரத்துக்குப் பழகிய பின்னர் கியோட்டோவுக்குப் போகிறவரே அந்த அதிகாலையின் பயனை முழுமையாக அடைகிறார்.

தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் செலுத்தும் கவனம் பின்னால் பல மணி நேரங்களாகத் திரும்பக் கிடைக்கும். டோக்கியோவில் உவேனோ என்னும் பகுதியை நான் வற்புறுத்திச் சிபாரிசு செய்வேன். நரிதாவிலிருந்து வரும் ஸ்கைலைனர் என்ற ரயில் அங்கேயே முடிகிறது. கனசாவாவுக்குச் செல்லும் ஷின்கான்சென் ரயில்களில் பெரும்பாலானவை அங்கே நின்று செல்கின்றன. 1872ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய அருங்காட்சியகம் ஸ்டேஷனை அடுத்த பூங்காவிலேயே இருக்கிறது. அசகுசாவிலுள்ள சென்சோஜி ஆலயத்துக்குப் போகவேண்டுமானால் 1927ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் கின்சா சுரங்க ரயிலில் ஐந்தே நிமிடம். ஆசியாவிலேயே பழமையான அந்தச் சுரங்கப் பாதையின் முதல் பகுதி இந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கும் இடையில் போடப்பட்டதுதான். நகரைச் சுற்றி வட்டமாக ஓடும் யமனோதே ரயிலும் உவேனோவைத் தொட்டுச் செல்கிறது. முப்பது ஸ்டேஷன்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஷின்ஜூகு முதலான பெரிய ஸ்டேஷன்களை ஒட்டித் தங்குவது கம்பீரமாகத் தோன்றினாலும், இருநூறுக்கு மேற்பட்ட வாயில்களைக் கொண்ட அந்த நிலத்தடி நகரத்தில் பெட்டிகளோடும் வயது சென்றவர்களோடும் சரியான வாயிலைத் தேடி அலைவது முதல் நாளுக்கு ஏற்ற காரியமல்ல.

டோக்கியோவின் மூன்று முழு நாட்களில் நாளொன்றுக்கு ஒரு திசை என்ற கட்டுப்பாட்டை வைத்துக்கொள்வது நலம்: வடகிழக்கில் உவேனோவும் அசகுசாவும் ஒரு நாள், மேற்கில் மெய்ஜி ஆலயமும் ஷிபுயாவும் ஷின்ஜூகுவும் ஒரு நாள், மூன்றாவது நாளைக் கடலோரக் காமகுராவுக்கோ வெறும் ஓய்வுக்கோ விட்டுவைக்கலாம். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று இரண்டு இடங்களுக்கு மேல் நிச்சயம் செய்யாமல், மற்றவற்றைச் சமயம் வாய்த்தால் பார்க்கலாம் என்று விட்டுவிடவேண்டும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். அன்று பொது விடுமுறையானால் திறந்து, மறுநாள் மூடுவார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் கிழமைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.

சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் தக்குஹாய்பின் என்று ஒரு சேவை உண்டு. விடுதியின் முகப்பில் பெட்டியை ஒப்படைத்து, செல்லவேண்டிய அடுத்த விடுதியின் முகவரியை எழுதிக்கொடுத்தால், பக்கத்து மாகாணங்களுக்கு மறுநாளும், தொலைவான இடங்களுக்கு இன்னும் ஒரு நாள் தாமதித்தும் பெட்டி அங்கே போய்ச் சேர்ந்துவிடும். நம் திட்டத்தில் இதற்கு மிகப் பொருத்தமான இடம், டோக்கியோவை விட்டுக் கிளம்பும் நாள். பெரிய பெட்டிகளை நேராகக் கியோட்டோ விடுதிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாளுக்கு வேண்டிய துணிகளை மட்டும் ஒரு சிறு பையில் எடுத்துக்கொண்டு கனசாவாவுக்குப் போகலாம். நமக்கு முன்னதாக வந்துசேரும் பெட்டியை வாங்கி வைத்திருப்பார்களா என்று கியோட்டோ விடுதிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளவேண்டும். இதனால் மற்றொரு சங்கடமும் தீர்கிறது: கனசாவாவிலிருந்து கியோட்டோவுக்குச் செல்லும் வழியில், 2024 மார்ச் மாதத்தில் ஷின்கான்சென் பாதை ட்சுருகா வரை நீட்டிக்கப்பட்ட பிறகு, அந்த ஸ்டேஷனில் இறங்கித் தண்டர்பேர்ட் என்ற வேறொரு ரயிலில் மாறியே தீரவேண்டும். மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கி மாறுவதற்கு அட்டவணை தருவது சில நிமிடங்களே. கையில் ஒரு பை மட்டும் இருப்பவருக்கு அது போதும், ஆளுக்கு இரண்டு பெட்டிகளோடு வருபவருக்குப் போதாது. கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமாவுக்குப் போகும் ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளுக்கு அதற்குரிய ஆசனத்தை முன்பதிவு செய்யவேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

ரயில் சீட்டு விஷயத்தில் பழைய புத்தகங்களின் யோசனையைக் கண்மூடிப் பின்பற்றுதல் கூடாது. வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கான ஜப்பான் ரயில் பாஸ் நெடுங்காலம் மலிவாக இருந்தது. ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. நம் திட்டத்திலுள்ள நான்கு நீண்ட பிரயாணங்களுக்கும் தனித்தனியே சீட்டு வாங்கினாலும் மொத்தச் செலவு அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதோடு அந்தப் பிரயாணங்கள் ஏழு நாட்களுக்கு மேற்பட்ட காலத்தில் பரவி இருப்பதால் ஒரே பாஸில் அவை கொள்ளவும் மாட்டா. பாஸ் வாங்கிவிட்ட காரணத்துக்காகவே அதை ஈடுகட்டும் பொருட்டு ஊர் ஊராக ஓடுவது நிதானமான பிரயாணத்துக்குப் பகை. நகரத்துக்குள் சுய்கா போன்ற முன்பணக் கார்டு ஒன்று ஒவ்வொருவரிடமும் இருந்தால் சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போதும். சிறிய ஊர்களுக்காகச் சில்லறையும் வைத்திருக்கவேண்டும்.

கனசாவாவில் நிற்பதற்கு நேரம் உண்டு என்பதே அதன் பெருமை. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சுக்குத் தப்பிய நகரமாதலால், சாமுராய்களின் வீதியும் பழைய மர வீடுகள் நிறைந்த ஹிகாஷி சாயாவும் இன்றும் நிலைத்திருக்கின்றன; மாயேதா வம்சத்தினர் வளர்த்த கென்ரோகுயென் தோட்டத்தில் ஒரு முழுக் காலைப்பொழுதைக் கழிக்கலாம். ஷிராகவா கிராமத்தின் கூரை வீடுகளைப் பார்க்க இங்கிருந்து பஸ் செல்வதுண்டு. இரண்டே இரவு தங்குபவர் அதற்குப் போனால் கனசாவாவைப் பார்க்காமலே திரும்பவேண்டியிருக்கும் என்பதால், அந்தக் கிராமத்தின்மீது ஆசை உள்ளவர் மூன்றாவது இரவை ஒதுக்கட்டும்.

கியோட்டோவுக்கு நான்கு இரவுகள் தந்திருப்பது தாராளம் என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அது குறைந்த அளவாகவே படுகிறது. அந்த ஊரில் பிரயாணியின் நேரத்தை விழுங்குவது தூரமன்று, பஸ். புகழ்பெற்ற ஆலயங்களுக்குச் செல்லும் நகரப் பஸ்கள் நெரிசல் மிக்கவை, சாலை நெருக்கடியில் ஊர்ந்து செல்பவை. ஆகவே தண்டவாளங்களைச் சார்ந்து நாட்களை வகுத்துக்கொள்வதே உசிதம். கிழக்கு மலையடிவாரத்துக்குக் கேஹான் ரயிலில் சென்று, கியோமிசுவில் காலை ஆறரைக்குத் தொடங்கி வடக்கு நோக்கி நடந்து வரலாம். இது ஒரு நாள். மேற்கே அராஷியாமாவுக்கு ஜேஆர் எனப்படும் ஜப்பான் ரயில்வேயின் ரயிலில் பதினைந்து நிமிடத்தில் போய் மூங்கில் தோப்பையும் ஆற்றங்கரையையும் பார்க்கலாம்; பிற்பகலில் மட்டும் பொற்கோயிலான கின்காகுஜிக்குப் பஸ்ஸை நாடவேண்டியிருக்கும். மூன்றாம் நாள் நாராவுக்குரியது. அந்த ரயில் பாதையில் கியோட்டோவிலிருந்து இரண்டாவது ஸ்டேஷனே இனாரி என்பதால், அதிகாலையில் அங்கே இறங்கித் தோரண வாயில்களின் வழியாக முடிந்த தூரம் ஏறி, பிறகு அதே பாதையில் நாராவுக்குப் போய்விடலாம். நாராவின் தோதைஜி ஆலயத்துப் பெரும் புத்தரின் கண் திறப்பு விழாவை 752ஆம் ஆண்டில் நடத்தி வைத்தவர் பாரத நாட்டிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. அந்த மண்டபத்தில் நம்மவர் ஒருவர் அவசரமின்றிச் சற்று நேரம் நிற்க விரும்பினால் அதற்கு இடங்கொடுக்கும் திட்டமாக நம் திட்டம் இருக்கவேண்டும்.

சைவ உணவினர் மற்றொரு நேரச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது அவசியம். காய்கறியாகத் தோன்றும் பண்டங்களிலும் நூடுல்ஸின் சாற்றிலும் உலர்ந்த மீனிலிருந்து எடுத்த தாஷி என்ற சாறு சேர்வது அந்நாட்டுச் சமையலின் இயல்பு. ஆதலால் பசி எடுத்த பிறகு கடை தேடத் தொடங்கினால் ஒரு மணி நேரம் வீணாகும், கூட வந்த குழந்தைகளும் சோர்ந்துவிடுவார்கள். பௌத்த மடங்களின் ஷோஜின் சமையல் முழுச் சைவம். கியோட்டோவில் அதற்கென்றே ஒரு பகற்பொழுதை முன்பதிவோடு ஒதுக்கலாம். மற்ற நாட்களுக்கு, சிறிய அடுப்பு வசதியுள்ள விடுதியை ஓர் ஊரிலாவது அமர்த்திக்கொண்டு, கையோடு எடுத்துச் சென்ற பருப்புப்பொடியும் ஊறுகாயும் அந்த ஊர் அரிசிச் சாதமுமாக ஓர் இரவை நிம்மதியாகக் கழிப்பது உடலுக்கும் மனத்துக்கும் பெரும் ஆறுதல். துணி துவைக்கும் இயந்திரம் விடுதியிலேயே இருக்கிறதா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம்.

ஹிரோஷிமாவை ஒரு பகலில் கியோட்டோவிலிருந்தே போய் வந்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ரயில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுவதால் அது இயலாத காரியமன்று. ஆயினும் 1945 ஆகஸ்டு 6ஆம் தேதி காலையில் அந்த நகரத்துக்கு நேர்ந்ததைக் கூறும் அமைதி நினைவு அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வருபவருக்கு உடனே வேறோர் இடத்துக்கு ஓடும் மனநிலை இராது, இருக்கவும் வேண்டியதில்லை. ஆதலால் வந்து சேரும் நாளின் பிற்பகலை அதற்கு மட்டுமே கொடுத்து, மாலையில் ஆற்றங்கரையில் நடப்பதைத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும். மறுநாள் மியாஜிமா தீவு. ஜேஆர் ரயிலில் அரை மணி நேரமும் படகில் பத்து நிமிடமும் ஆகும். இத்சுகுஷிமா ஆலயத்தின் கடல் வாயில் ஓதத்தின்போது நீரில் மிதப்பதுபோல் தோன்றும். நீர் வற்றியபோது அதன் அடிவரை நடந்து போகலாம். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே ஆறு மணி நேரம் ஆவதால், ஓத அட்டவணையை முன்னதாகப் பார்த்து, காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாகக் காண முடியுமானால் முழுப் பகலையும் தீவிலேயே கழிப்பது உத்தமம்.

கடைசி இரவை ஒசாகாவில் வைத்ததற்குக் காரணம் விமானம். ஹிரோஷிமாவிலிருந்து அன்றைக்கே கான்சாய் விமான நிலையத்தை அடைவது அட்டவணைப்படி சாத்தியம்தான். ஆனாலும் கடல் கடந்த பிரயாணத்தின் கடைசி இணைப்பை ஒரே நாளின் ரயில்களிடம் ஒப்படைப்பது விவேகமன்று. வழியில் ஹிமேஜியில் இறங்கி, ஸ்டேஷனிலுள்ள பெட்டகத்தில் சாமான்களைப் பூட்டிவிட்டு, 1609இல் எழுந்த அந்த வெள்ளைக் கோட்டையை இருபது நிமிட நடையில் சென்று பார்த்துவரலாம். கோட்டைக்குள் படிகள் மிகவும் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியிலிருந்தே அதன் அழகைக் காணலாம்.

புறப்படும் காலத்தைப் பற்றி நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை வருவது ஏப்ரல், மே மாதங்களில். ஜப்பானியர் நாடு முழுவதும் பிரயாணம் செய்யும் விடுமுறை வாரம் ஏப்ரல் 29இல் தொடங்கி மே 5 வரை நீள்வது. அந்த நாட்களில் ரயில்களில் ஆசனமும் விடுதிகளில் அறையும் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். ஏப்ரல் 28க்குள் திரும்பிவிடுமாறோ, மே 7க்குப் பிறகு போய்ச் சேருமாறோ அமைத்துக்கொண்டால், ஷின்கான்சென் சீட்டை முந்திய நாள் வாங்கினாலும் போதும். ஆகஸ்டு நடுவிலும் ஆண்டு இறுதியிலும் இதே நெரிசல் உண்டு. விஸா மனுவோடு நாள்வாரியான பிரயாணத் திட்டத்தை எழுதித் தரவேண்டியிருப்பதால், இந்தத் தேதிகளை யோசிப்பதற்கு அதுவே தக்க தருணம்.

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் புயல் வரும்போது ரயில்வே நிர்வாகத்தார் முன்னறிவிப்போடு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அப்படி ஒரு நாள் தடைப்பட்டாலோ, குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினாலோ, எதை விடுவது என்று அங்கே நின்று விவாதிக்காமல் வீட்டிலேயே தீர்மானித்துத் தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். முதலில் விடவேண்டியது ஹிமேஜி. அதற்கடுத்து டோக்கியோவின் மூன்றாவது நாளில் காமகுரா. அதற்கும் மேல் குறைக்க நேர்ந்தால் கனசாவாவை முழுவதுமாக நீக்கிவிட்டு டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நேரே செல்லலாம், இரண்டே கால் மணி நேர ரயில்தான். கியோட்டோவின் நான்கு இரவுகளில் மட்டும் கை வைக்கவேண்டாம்.